ஜெனீவாவுக்குப் போகாத என் பயணம்

ஜெனீவாவுக்குப் போனது மைதிலி. பயணக் கட்டுரை எழுதுவது நான். இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். அவள் போன அதே வாரத்தில் நானும் பயணம்தான் போனேன், அவிநாசி, அந்தியூர், சத்தியமங்கலம் என்று. அவளுக்கு விமானத்தில் ஜன்னலோர இருக்கை. எனக்கு டவுன் பஸ்ஸில் எஞ்சினை ஒட்டிய சீட்டு, காலடியில் கூடைக்குள் யாருடையதோ ஒரு கோழி.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இயக்கத்தின் கோவைக் கிளை என்பது அந்தக் கடையின் பின்பக்க அலமாரியும் அதற்கு முன்னால் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். அணு உலைக்கு எரிபொருள் தயாரிக்கும்போது ஒருவகை யுரேனியம் மிச்சமாகும், கரும்பைப் பிழிந்தபின் சக்கை மிஞ்சுவது மாதிரி. ஈயத்தைவிடக் கனம். அதைக் கூராக்கிக் குண்டு செய்தால் டாங்கியின் இரும்புக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு போகும். துளைக்கும்போதே பற்றி எரிந்து பொடியாகி மண்ணிலும் காற்றிலும் கலக்கும். போட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், பொடி அங்கேயே கிடக்கும். அந்தக் குண்டை உலகம் முழுக்கத் தடைசெய்யச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

துண்டறிக்கையில் அதற்கு ‘சக்கை யுரேனியம்’ என்று பெயர் வைத்தவள் நான். மொழிபெயர்த்தது, அச்சடித்தது, வெயிலில் நின்று கொடுத்தது எல்லாம் நான். மைதிலி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தவள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். வந்த அன்றைக்கே, “சக்கைன்னு போட்டா யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்கக்கா” என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பிடித்துப்போய்விட்டது, அதுதான் தொல்லை.

ஜெனீவாவில் பல நாட்டு அரசாங்கக்காரர்கள் கூடும் கூட்டத்தில் பேச எங்கள் கிளைக்கு ஓர் இடம் கிடைத்தது. ஒரே ஓர் இடம். ‘ஆங்கிலத்தில் பேசக்கூடியவராக இருந்தால் நல்லது’ என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். நாற்காலிகளில் இருந்த எல்லோரும் மைதிலியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், சிரித்தபடி. அந்தச் சிரிப்போடே வீடுவரை ஸ்கூட்டி ஓட்டியதில் தாடை வலித்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று எடுத்துவைத்திருந்த பாஸ்போர்ட் என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு முத்திரைகூட விழாதது. இப்போதெல்லாம் வெளியூர் லாட்ஜில் ஆதார் அட்டைக்குப் பதிலாக அதைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

மைதிலிக்குக் கொடுத்த நேரம் இரண்டு நிமிடம். அதற்குள் நம்மூர்க்காரர் ஒருவருடைய குரலும் அங்கே ஒலிக்க வேண்டும் என்று கிளையில் முடிவானது. அந்த ஆளைக் கண்டுபிடித்ததும் நான்தான். சத்தியமங்கலத்து மாரப்பன். மருத்துவ ரிப்போர்ட்டை நகலெடுக்க என் கடைக்கு வந்தவர், மேஜைமேல் கிடந்த துண்டறிக்கையில் டாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதைய நான் வெட்டியிருக்கறனுங்க அம்மணி” என்றார். குவைத் போர் முடிந்தபின் பாலைவனத்தில் குவித்துவைத்த டாங்கிகளைக் கேஸ் வைத்து வெட்டும் வேலைக்குப் போனவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. அவருடைய பேச்சைப் பதிவுசெய்து கூட்டத்துக்கு முன்னால் அனுப்ப வேண்டும். கொஞ்சம் சுற்றிப் போனால் இரண்டு ஊரில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

அவிநாசிக்கே இரண்டு டவுன் பஸ் மாறினேன். கருமத்தம்பட்டியில் இறங்கி நிற்கும்போது மைதிலியின் செய்தி வந்தது: ‘இங்க ஹோட்டல்ல தங்கினா பஸ், டிராம் எல்லாம் ஃப்ரீக்கா!’ நான் கையிலிருந்த மகளிர் இலவசச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். கைகொட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். அவளுக்கு என் மேல் கோபம் வருவதேயில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

அவிநாசியில் கோயிலுக்கு எதிரே நிழல் பார்த்து நின்றேன். தோளில் துண்டு போட்ட ஒருவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“ஏனுங்க அம்மணி, இந்த டவர் பிரச்சனைங்களா?”

தோட்டத்துக்குள் மின்கோபுரம் போடுவதைத்தான் கேட்கிறார். “இல்லீங்க, குண்டுங்க.”

“குண்டுங்களா! நம்மூர்லீங்களா?”

“ஈராக்ல, குவைத்லீங்க.”

“அட பாவமே. எங்கீங்க போடோணும்?”

பேனாவை வாங்கியவர் உடனே போட்டுவிடவில்லை. எந்த ஊர், யார் மகள், கல்யாணமாகி எங்கே, அங்கே மழை எப்படி, சாப்பிட்டாயிற்றா என்று எல்லாம் கேட்டார். நானும் அவர் தோட்டம், தண்ணீர், பேத்தியின் படிப்பு எல்லாம் கேட்டேன். அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் விசாரிக்காமல் எதையும் தொடங்கவும் மாட்டார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு தாள்கூட நிரம்பவில்லை. போனில் மைதிலி, “ஒருத்தருக்கு இவ்வளவு நேரமாக்கா?” என்றாள். ஜெனீவாவில் காலை வைத்து ஒருநாள்கூட ஆகவில்லை, அதற்குள் கோயம்புத்தூர்க்காரிக்கு நேரம் தெரிந்துவிட்டது.

சாப்பிட மெஸ்ஸுக்குப் போனேன். சந்தகையும் தேங்காய்ப்பாலும். அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து இரண்டு படம். ஒன்றில் உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஏரிக்கு நடுவே தண்ணீர் வானத்துக்குப் பீச்சியடித்தது. வெளியே வந்தால் மெஸ்ஸுக்கு எதிரிலேயே குடிநீர்க் குழாய் உடைந்து மாடி உயரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று நானும் ஒரு படம் எடுத்தேன். அனுப்பவில்லை. தேங்காய்ப்பால் நன்றாகத்தான் இருந்தது என்று அப்புறம் யோசித்தபோது தெரிந்தது, சாப்பிடும்போது தெரியவில்லை.

அந்தியூரில் ஆடி மாதச் சந்தை. மாடும் குதிரையும் பார்க்க ஜனம் அலைமோதும் இடத்தில் நின்றால் கையெழுத்து குவிந்துவிடும் என்பது மைதிலியின் யோசனை. யோசனை சொன்னவள் குதிரைச் சந்தையைப் பார்த்ததேயில்லை என்று அங்கே போனதும் தெரிந்தது. வெள்ளைக் குதிரை ஒன்று மேளத்துக்குக் கால் தூக்கி ஆடிக்கொண்டிருக்கும்போது யுரேனியத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? நான் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கம் ஒரு ஆளும் திரும்பவில்லை. திரும்பியது ஒரு பழுப்புக் குதிரை மட்டும். அது கழுத்தை நீட்டி என் கையிலிருந்த துண்டறிக்கைக் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது.

குதிரைக்காரர் கர்நாடகத்திலிருந்து வந்தவர். பக்கத்து ஆளிடம் கன்னடத்தில் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. “இந்தம்மா குதிரை வாங்க வந்தவங்க இல்லை, ஏதோ காகிதம் விக்கறாங்க.” நான் விற்கவில்லை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். சிரித்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மாறியது. தம்பி ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறானாம். “அவன் பக்கத்துலயும் இது இருக்குமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “தெரியாதுன்னா எழுதிக்குங்க, முதல்ல என் பேரு” என்று வாங்கிப் போட்டார். அந்தியூரில் கிடைத்தது அந்த ஒரு கையெழுத்தும், அவர் அதட்டியதால் அவருடைய கூட்டாளிகள் போட்டதும்தான்.

அதே சமயம் மைதிலியின் குரல்பதிவு. எல்லா நாட்டுக்காரர்களும் அவளிடம் வந்து பேசுகிறார்களாம். கழுத்தில் பேரும் படமும் போட்ட அட்டை தொங்கவிட்டிருக்கிறார்களாம். நிமிர்ந்து பார்த்தேன். என் காகிதத்தைத் தின்ற குதிரையின் கழுத்திலும் பாசிமணியோடு ஒரு பெயர்த்தகடு தொங்கியது. அட்டை இல்லாத பிறவி அங்கே நான் ஒருத்திதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

சத்தியமங்கலம் போகும் பஸ் வழியில் பஞ்சரானது. இறங்கி வாழைத்தோட்டத்து ஓரத்தில் நின்றோம். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஜெனீவாப் படங்களைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, புண்ணைக் கிள்ளிக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம். “நெம்பக் குளிருங்களா? நம்ம ஆசனூர் மலையாட்டவே இருக்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மாரப்பனின் வீடு பவானிக் கரைக்குப் பக்கத்துத் தெருவில். ஆற்றில் புதுத்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவருடைய மனைவி சரசக்கா அரிசிம்பருப்புச் சாதம் போட்டு நெய் ஊற்றினார். மாரப்பனுக்கு ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் வைத்தார். அன்றைக்கு முழுக்க அவ்வளவுதானாம். ஆறு ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தம்ளரை அவர் வாயில் நனைத்து நனைத்து வைத்தார்.

நான் போனை எடுத்தேன். “அண்ணா, அங்க என்ன வேலை, என்ன ஆச்சு, அதைச் சொன்னாப் போதுங்க.”

“அதைச் சொல்றனுங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்போடறேன்” என்றார். சரசக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“நம்ம பவுண்டரியில என்ன இரும்புன்னு தெரியலீன்னா சாணைக்கல்லுல வெச்சுப் பாப்பமில்லீங்களா? பொறி செவப்பாக் குட்டையா வந்தா வார்ப்பு, வெளுப்பா நீளமா வந்தா உருக்கு.”

தெரியும் என்றேன். கணபதியில் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். பொறியைப் பார்த்து இரும்பைச் சொல்லும் ஆட்களைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவேன்.

“அங்க ஒரு டாங்கிக்குள்ள கையளவு துண்டு ஒண்ணு கெடந்துதுங்க. கருப்பா. தூக்குனா கை எறங்குது, அத்தாச்சோடு கனம். இது என்ன இரும்புன்னு கல்லுல வெச்சனுங்க. அம்மணி, மத்தாப்புங்க! அப்படிக் கொட்டுது. அன்னிக்குத் தீபாவளி வேற. ஊரை உட்டுப்போட்டுப் பாலைவனத்துல கெடக்கறோம், ஒரு பட்டாசில்ல. பொழுது சாயற நேரத்துல கேம்ப்ல இருந்தவங்களையெல்லாம் கூப்புட்டு முன்னால உக்கார வெச்சு, எங்கூர்த் தீபாவளி பாருங்கடான்னு அந்தத் துண்டு தேயற வரைக்கும் காட்டுனனுங்க. அல்லாரும் கை தட்டறாங்க. டாக்கா ரஃபீக்குன்னு ஒருத்தன், வாயத் தொறந்துட்டுச் சிரிச்சுட்டே இருந்தான். அவன் மேலெல்லாம் பொடி.”

சரசக்கா அவர் முதுகில் கையை வைத்தார்.

“உங்க கடையில அந்தக் காயிதத்தப் பாக்கற வரைக்கும் அது எனக்கு நல்ல தீபாவளிங்க” என்றார் மாரப்பன்.

அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சிறுநீரகம் போனது அந்தப் பொடியாலா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, நாங்களும் சொல்வதில்லை. தெரியாது என்பதே பெரிய குற்றச்சாட்டுதான். அதை அவரிடம் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

“எங்கிட்னிய உடுங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதானுங்க. அன்னிக்கு முன்னால உக்காந்திருந்தவங்க பேரெல்லாம் எனக்கு நெனப்பிருக்குது. அதைய அங்க சொல்லோணும். அவங்க நாட்டுக்காரங்க ஆராச்சும் அந்தக் கூட்டத்துல இருப்பாங்கல்லங்க. நல்லா இருக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. கூப்புட்டு உக்கார வெச்சவன் நானுங்க.”

இந்த இடத்தில் என் மனசுக்குள் என்ன ஓடியது என்று சொல்லிவிடுகிறேன். ஐயோ என்று அடித்துக்கொண்டதற்கு அடுத்தபடியாக, இதையும் மைதிலிதானே அங்கே சொல்லப்போகிறாள் என்று ஓடியது. பொறி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியுமா? பொறி தெரிந்தவள் இங்கே தரையில் உட்கார்ந்திருக்க, தெரியாதவளைச் சுற்றி எல்லா நாட்டுக்காரர்களும் நிற்பார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த முறை நானே போனால் என்ன என்றுகூடத் தோன்றியது. பிறகு தம்ளரைப் பார்த்தேன். அடுத்த முறை என்று யாரிடம் சொல்வது? போனில் பதிவு பொத்தானை அழுத்தினேன்.

மாரப்பன் எழுந்துபோய் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஜெனீவாவுல இருக்கற அல்லாருக்கும் மாரப்பனோட வணக்கமுங்க. அல்லாரும் சௌக்கியமுங்களா? ஊட்டுல பெரியவங்க, கொழந்தைங்கெல்லாம் சௌக்கியமுங்களா? வேலையப் போட்டுப்போட்டு எம்பேச்சைக் கேக்க வந்திருக்கறீங்க, நெம்ப சந்தோசமுங்க. சாப்புட்டீங்களா? அங்க மழையெல்லாம் எப்படிங்க? இங்க பவானியில தண்ணி போகுதுங்க…”

விசாரித்து முடித்துப் பவுண்டரிக்கு வந்து, குவைத்துக்குப் போய், தீபாவளியைச் சொல்லி, கடைசியாகப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நீளம் இரண்டு நிமிடத்தை மிஞ்சியது. அனுப்பினேன். மைதிலி உடனே எழுதினாள்: ‘அக்கா, அழுதுட்டேன். ஆரம்பத்துல நலம் விசாரிக்கறதை மட்டும் வெட்டிருங்க. நேரா விஷயத்துக்கு வரட்டும். ரெண்டு நிமிஷத்துல மைக் ஆஃப் ஆயிரும்.’

எனக்கு ரத்தம் கொதித்தது. சௌக்கியமா என்று கேட்காமல் யாராவது வாயைத் திறப்பார்களா? வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்தவரின் பேச்சை ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு வெட்டச் சொல்கிறாள். ‘ஒரு சொல்லும் வெட்ட மாட்டேன். நீயும் வெட்டாதே. நேரம் பத்தலைன்னா நீ பேசறதைக் குறைச்சுக்க’ என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது சுகமாக இருந்தது. அவள் ‘சரிக்கா’ என்று மட்டும் பதில் போட்டாள்.

மறுநாள் மாரப்பனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் நாள். அவருடைய கையிலிருந்து குழாய்கள் மெஷினுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. மெஷின் சத்தத்தில் கேட்காது என்பதால் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் கூட்டத்தைப் பார்த்தேன். பெரிய வட்டமான கூடம். மைதிலியின் பெயரைக் கூப்பிட்டார்கள். பச்சைப் புடவை, கழுத்தில் அந்த அட்டை. என்ன பேசப்போகிறாள் என்று கவனித்தேன். பேசவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் தன் போனை வைத்துவிட்டு நின்றாள். இரண்டு நிமிடத்தையும் முழுசாக அவருக்கே கொடுத்துவிட்டாள்.

அந்தக் கூடத்தில் எங்கள் கொங்குத் தமிழ் கேட்டது. அல்லாரும் சௌக்கியமுங்களா? திரையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. யாரோ ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சாப்புட்டீங்களா என்றபோது இன்னும் சிலர் நிமிர்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பவானித் தண்ணீர் போனது, பவுண்டரி வந்தது, டாங்கி வந்தது. “இது என்ன இரும்புன்னு கல்லுல வெச்சனுங்க” என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றது. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மைதிலி போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொல்வது தெரிந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். மாரப்பன் கண்ணை மூடியபடியே கேட்டார். “பேரெல்லாம் வந்துதுங்களா அம்மணி?”

வந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரசக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லீங்கண்ணா. நேரம் முடிஞ்சுபோச்சுங்க.”

“எது வரைக்கும் வந்துதுங்க?”

“கல்லுல வெச்ச வரைக்கும்.”

அவர் கண்ணைத் திறந்தார். “சௌக்கியம் விசாரிச்சது வந்துதுங்களா?”

“வந்துதுங்க. எல்லாரும் கேட்டாங்க.”

“அதாச்சும் வந்துதே” என்றார். பிறகு, “அடுத்த ஒருக்கா பேரை மொதல்ல சொல்லிப்போடலாமுங்க. சௌக்கியம் பொறவு கேட்டுக்கலாம்” என்றார். மைதிலி வெட்டச் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மைதிலி கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டு மனசு ஆறியிருப்பேன். அவள் மூச்சு வாங்கினாள். “அக்கா, வராந்தாவுல நின்னு ஒவ்வொருத்தரா நிறுத்திப் பேரைச் சொல்லிட்டிருக்கேன். பங்களாதேஷ்காரர் ஒருத்தர் கேட்டுச் சொல்றேன்னிருக்கார். எகிப்துக்காரங்க இப்பத்தான் வர்றாங்க, வெச்சிடறேன்.”

ஏரியைப் பார்த்து, பாலாடைக்கட்டியைப் பார்த்து, அட்டையைப் பார்த்து நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வராந்தாவை நினைத்துப் பட்டதுதான் பொறாமை. இன்னும் போகவில்லை. அங்கே நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அந்தப் பெயர்களைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இதை எழுதி முடிக்கும்போது பார்க்கிறேன், நானும் மாரப்பன் செய்ததையேதான் செய்திருக்கிறேன். கோழி, குதிரை, தேங்காய்ப்பால் என்று உங்களை ஊர் ஊராக நிறுத்தி விசாரித்துக்கொண்டே வந்து, பெயர்களை இன்னும் சொல்லவில்லை. நல்லவேளை, இங்கே சிவப்பு விளக்கு இல்லை.

டாக்கா ரஃபீக். பெஷாவர் குல்கான். எகிப்து மஹ்மூத், அவன் தம்பி சயீத். இலங்கையின் காலி நகரத்து நிஹால். நெல்லூர் சுப்பாராவ். மலப்புறம் குஞ்ஞாலி. நேபாளத்துப் பகதூர், முழுப்பெயர் மாரப்பனுக்குத் தெரியாது, நன்றாகப் பாடுவானாம்.

இவர்களில் யாரையாவது எங்கேயாவது பார்த்தால், சத்தியமங்கலம் மாரப்பன் சௌக்கியமா என்று கேட்டார் என்று சொல்லுங்கள்.